நடக்க நாலு மணி நேரம்

தம்பி, தம்பி! காலை வெச்சுப் போடாதீங்க! அப்படியே நில்லுங்க. அட, நில்லுங்கன்னா! ஈரமுங்க. மொட்டை மாடி பூராவும் ஈரம். இப்பத்தான் ரோலரைக் கீழ வெச்சேன்.

ஆமாங்க, படிக்கட்டுக் கதவு வரைக்கும் ஈரந்தான். நீங்க அந்த மிசினுக்குள்ள தலையைக் குடுத்துட்டு இருந்தீங்க, நான் பாட்டுக்கு ரோலரைத் தள்ளிட்டே வந்தேன், கடைசியில பாத்தா இந்த ஏ.சி. மேடை மேல நீங்களும் நானுந்தான். நல்ல கூத்துங்க. கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, இந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்குங்க. கீழ சூடு எறங்காம இருக்கப் போடற இந்த வெள்ளைக் கோட்டிங் மேல வெயில் பட்டுத் திரும்பி மூஞ்சியில அடிச்சா கண்ணு பூத்துரும். எனக்கு வேண்டாமுங்க, இருபத்திரண்டு வருசமாப் பழகிருச்சு.

எவ்வளவு நேரமாகுமா? டப்பாவுலயே போட்டிருக்குது, படிச்சுப் பாருங்க. தொட ஒரு மணி நேரம், நடக்க நாலு மணி நேரம். இப்ப மணி எட்டே முக்கால். பன்னெண்டே முக்காலுக்கு மகாராசனா எறங்கிப் போலாம். அதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் கூட முடியாதுங்க. என் பேரு நாச்சிமுத்து. திருப்பூர்ல எந்த பனியன் கம்பெனியில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, கூலிங் நாச்சிமுத்துன்னு சொல்லுவாங்க. நான் போட்ட கோட்டிங்ல இதுவரைக்கும் ஒருத்தன் காலடி விழுந்ததில்ல. அந்தா, அந்தக் காக்காயைப் பாருங்க! சூ! சூ! பாத்தீங்களா, மூணு விரலும் அச்சுக் குத்துன மாதிரி விழுந்துருச்சு. இதுவே மனுசன் கால்னா என்னாகும்? அந்தத் தடத்துல தண்ணி நிக்கும், பாசி புடிக்கும், ரெண்டு மழையில உரிஞ்சு வந்துரும். கீழ நாலு மாடி ஜவுளிக்கடைங்க. பட்டுச்சேலை பூரா கீழதான் இருக்குது.

நீங்க உங்க வேலையைப் பாருங்க. மிசினைக் கழுவுங்க, நான் சும்மா பேசிட்டு இருக்கறேன். உங்க பேரு என்னங்க? சொந்த ஊரு எது? அங்க எந்தப் பக்கமுங்க? சும்மாதான் கேட்டேன். சாதி கீதியெல்லாம் நான் பாக்கறதில்லீங்க.

என் போனுதானுங்க அடிக்குது. அடிக்கட்டும். கையெல்லாம் கோட்டிங்கு, எடுக்க முடியாது.

நீங்க கேக்கறது நியாயந்தான். கதவுப் பக்கம் வழி விட்டுட்டு அடிச்சிருக்கலாம்ல? தொழில் பழகுற முதல் நாளே சொல்லிக் குடுக்கறது அதுதானுங்க. தூரத்து மூலையில ஆரம்பிக்கோணும், பின்னாலயே வந்து வந்து படிக்கட்டுல வந்து முடிக்கோணும். நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கறேன்! இன்னைக்கு என்னமோ, ஆறு மணிக்கு வந்தேன், கதவைத் திறந்தேன், அங்கயே பக்கெட்டை வெச்சேன், அங்கயே ஆரம்பிச்சுட்டேன். கைத்தவறுதான். ஆளுக ரெண்டு பேரு இருக்கறாங்க, அவங்க வந்திருந்தாப் புடிச்சு நிறுத்தியிருப்பாங்க. இன்னைக்குப் பாத்து ரெண்டு பேருக்கும் லீவு குடுத்துட்டேன். எதுக்கா? சும்மாதானுங்க. வெயில் காலம், பாவம்.

பலகையா? பலகை கீழ வண்டியில கெடக்குது. கெடக்கட்டும். பலகை போட்டா அதுவும் ஒட்டிக்குமுங்க.

மறுபடியும் போனு. விடுங்க.

ஒரு சங்கதி சொல்றேன் கேளுங்க. நீங்களும் மேல் மாடி வேலை பாக்கறவரு, உங்களுக்குப் புரியும். போன வருசம் சித்திரையில பல்லடம் ரோட்டுல ஒரு நூல் மில்லுக்குக் கூரை வேலை. தகர ஷீட்டுங்க. உள்ள இருக்கற பொம்பளைங்க மத்தியானமானாத் தண்ணியைத் தலையில ஊத்திட்டு வேலை செய்வாங்க. தெனமும் ஒருத்தரு மயங்கி விழறது. நான் போயி மொதல்ல துருவைச் சுரண்டி, ஆணி ஆணியா அடைச்சு, ஷீட்டு சேருற எடத்துலயெல்லாம் வலைத்துணி ஒட்டி, அதுக்கு மேல ரெண்டு கோட்டு. முப்பத்தாறு நாளு. முடிச்ச மறுநாளு ஒரு அம்மா வந்து என் கையைப் புடிச்சுட்டு, "அண்ணா, நேத்து யாருமே விழுகலீங்கண்ணா"ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். என் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல வேலைன்னா அந்த மில்லுக் கூரைதானுங்க. பத்து வருசம் கேரண்டின்னு எழுதி என் கையால கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

என் மகதான் உள்ளயும் மேலயும் சூடு அளந்தது. சிந்துஜா. காலேஜ் முடிச்சுட்டு எங்கூடவே வந்துருச்சு. துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்குதுங்கல்ல, ஷீட்டைப் பாத்து அமுக்குனா சூடு எத்தனைன்னு காட்டும், அதைக் கையில புடிச்சுட்டு ஏணியில ஏறும் பாருங்க, எங்க ஆளுகளே வாயைத் திறந்துட்டு நிப்பாங்க. கோட்டிங் போட்ட எடத்துல காலை எங்க வைக்கோணும், எங்க வைக்கக் கூடாதுன்னு அதுக்குச் சொல்லவே வேண்டாம். என் புள்ளைங்க அது.

அப்பறம் நடந்ததுதான் வயித்தெரிச்சல். ஆவணி மாசம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம, சோலார் பேனல் மாட்டறவனுக மேல ஏறியிருக்கறானுக. ஏறி, எங் கோட்டிங் மேல ட்ரில்லு மிசினை வெச்சு ஓட்டை போட்டிருக்கறானுக. எத்தனை ஓட்டைங்கறீங்க? அறுபத்திநாலு! அறுபத்திநாலு ஓட்டைங்க தம்பி! ஐப்பசியில மழை புடிச்சுது. ஏழு எடத்துல ஒழுகி, நூல் மூட்டை பூரா நனைஞ்சு, மொதலாளி என்னையக் கூப்பிட்டு, அத்தனை ஆளுகளுக்கு முன்னாடி அந்தக் கேரண்டிப் பேப்பரை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டி ஆட்டிக் கேட்டாரு. மழையோட மழையா மேல ஏறிட்டேன்.

ஏறிப் பாத்தா மேல ஒருத்தன் தனியா உக்காந்து, சட்டையைக் கழட்டி ஒரு ஓட்டை மேல குடை மாதிரி புடிச்சுட்டு, உள்ள பசையை அமுக்கிட்டு இருக்கறான். யாருடான்னேன். "சோலார்ல இருந்து வர்றேங்க சார். எங்க ஆளுங்க வாஷர் வைக்காம முடுக்கிட்டாங்க. எங்க தப்புதான். எப்படி அடைக்கணும்னு நீங்க சொல்லுங்க, நான் அடைக்கிறேன்"னான். பேரு இருதயராஜு. திண்டுக்கல் பக்கம்.

அவனை அங்கயே கீழ தள்ளியிருக்கோணும். தள்ளலீங்க. தப்புன்னு ஒத்துக்கறவனை என்ன பண்றது சொல்லுங்க? ஒன்பது நாளு அவனைக் கூட வெச்சு ஒவ்வொரு ஓட்டையா அடைச்சோம். சிந்துஜா சாக்பீஸ்ல ஓட்டையைச் சுத்தி வட்டம் போட்டு நம்பர் எழுதும், அவன் ஆணியைக் கழட்டுவான், நான் பாத்துச் சொல்லுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, அறுபத்திநாலு வரைக்கும். அந்த ஒன்பது நாளும் நான் கூடவே இருந்தேங்க. ஒரு நிமிசம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகல. நான் ஓட்டையைத்தான் பாத்துட்டு இருந்தேன்.

தை மாசம் பொங்கல் கழிஞ்சு மூணாம் நாளு, சிந்துஜா வந்து சொல்லுச்சு. அப்பா, அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கறேன்னு.

எங் கூரையில ஓட்டை போட்டவனுக்கு எம் பொண்ணா? நீங்களே சொல்லுங்க, எந்தத் தொழில்காரனுக்கு மனசு வரும்? அதுதானுங்க எனக்குக் கோவம். வேற ஒண்ணும் இல்ல.

இல்லீங்க, இப்ப ஒழுகறதில்ல. அதுக்கப்பறம் ஒரு சொட்டு ஒழுகல. மில்லுக்காரரே போன் பண்ணிச் சொன்னாரு. அது வேற விசயமுங்க.

மணி என்னங்க ஆச்சு? பத்தரையா?

கொஞ்சம் இப்படி நிழலுக்கு நகர்ந்து வாங்க. தண்ணி குடிங்க. எனக்கு வேண்டாம்.

அதோட நான் பேசறதை நிறுத்திட்டேன். நிறுத்திட்டேன்னா, சண்டை கிண்டை இல்லீங்க. தேவையில்லாமப் பேசறதில்ல. சோறு போட்டாச் சாப்பிடுவேன், வேலையில கூரைச் சூடு எத்தனைன்னு கேட்டுக்குவேன். மாசி கடைசியில அது பொட்டியைத் தூக்கிட்டு வேலைக்குப் போற பொண்ணுக ஹாஸ்டலுக்குப் போயிருச்சு. நான் போகச் சொல்லலீங்க. போகாதேன்னும் சொல்லல.

எங்கண்ணன் காங்கேயத்துல இருக்கறாரு. அவருகிட்ட நான் சொல்லல, எப்படியோ தெரிஞ்சுருச்சு. போன் பண்ணுனாரு. சத்தம் போடலீங்க, எங்கண்ணன் சத்தமே போட மாட்டாரு. "நாச்சி, கோயில் பொங்கலுக்குக் குடும்பத்தோட வருவியா, இல்ல தனியா வருவியா?"ன்னு மட்டும் கேட்டாரு. அவ்வளவுதானுங்க கேட்டாரு. எங்க குலதெய்வக் கோயில்ல மொதல் பானை எங்க வீட்டுப் பானை. எங்கப்பன் காலத்துல இருந்து. இந்தக் கல்யாணத்துக்கு நான் ஒத்துக்கிட்டா அந்த அடுப்புல வேற வீட்டுப் பானை ஏறிரும். அதுக்கப்பறம் அந்த ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறது?

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நான்தான் சொன்னேனே. நான் சாதி பாக்கறதில்லீங்க. பாக்கறவங்களுக்கு நடுவுல இருக்கறேன்.

அந்தா, செல்போன் டவரு தெரியுதா? அதுக்கு இக்கட்டால, இந்தப் பக்கமா ஒரு வேப்பமரம், மரத்துக்குப் பக்கத்துல மஞ்சக் கட்டடம். அதுதான் ரிஜிஸ்டர் ஆபீசு. வண்டியில போனா அஞ்சு நிமிசம். நடந்தாக் கால் மணி நேரம். ஒரு மாசமா அங்க நோட்டீஸ் போர்டுல ரெண்டு பேரு பேரையும் ஒட்டியிருக்கறாங்க. ரிஜிஸ்டர் கல்யாணச் சட்டப்படி முப்பது நாளு ஒட்டி வெக்கோணுமாம். நான் அந்த வழியா எத்தனை தடவை போயிட்டு வந்தேன்! வண்டியை நிறுத்தலீங்க. ஒரு தடவை நிறுத்துனேன். பேருல எழுத்துப் பிழை இல்லாமப் போட்டிருந்தாங்க.

இன்னைக்குத்தான் கையெழுத்து. பன்னெண்டு மணி டோக்கனு.

ஆமாங்க. இன்னைக்குத்தான்.

முந்தாநேத்துச் சாயங்காலம் சிந்துஜா இங்க வந்துச்சு. நான் அந்த மூலையில சுவரோரம் வலைத்துணி ஒட்டிட்டு இருக்கறேன். அடிக்கோட்டு ப்ரைமர் அடிச்சு ஈரமா இருந்துச்சு. அது படிக்கட்டுக் கதவுகிட்டயே நின்னுக்குச்சு. ஒரு அடி எடுத்து வைக்கல. ஓடி வந்து காலைக் கையைப் புடிச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது. வரலீங்க. கோட்டிங்கை மிதிக்காத புள்ளையா நானே வளத்துட்டேன்.

அங்கிருந்தே சொல்லுச்சு. "அப்பா, மூணு சாட்சி வேணும். ஒண்ணு அம்மா. ஒண்ணு என் ஃப்ரெண்டு. மூணாவது எடத்தைக் காலியா வெச்சிருக்கறேன். நீங்க வந்து போடுங்க"ன்னுச்சு. நான் வலைத்துணியைத் தடவிட்டே இருந்தேன். "பத்து வருசத்துக்கு ஒழுகாதுன்னு மழைக்கே கையெழுத்துப் போடறீங்களேப்பா. எனக்கு ஒண்ணு போடக் கூடாதா?"ன்னுச்சு. நான் நிமிந்து பாக்கல. பாத்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேன், அதுதான் பாக்கல. வேலை இருக்குது கண்ணுன்னேன். "பன்னெண்டு மணி வரைக்கும் பாப்பேன். வரலீன்னா வாசல்ல இருக்கற ஜெராக்ஸ் கடைக்காரரைப் போடச் சொல்லுவேன்"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிருச்சு.

அப்படி ஒரு ஆளு இருக்கறாருங்க. ஊருல யாரும் வராத கல்யாணத்துக்கெல்லாம் அவருதான் சாட்சி. கடையை விட்டு எந்திரிச்சு வருவாரு, பேனாவைக் கூட அவரே கொண்டு வருவாரு, போட்டுட்டுப் போயிருவாரு. அந்தப் பேப்பர்ல எம் பொண்ணு பேருக்குக் கீழ அவரு பேரு. நாளைக்குப் பேரன் பேத்தி எடுத்துப் பாத்தாலும் அவரு பேருதான் இருக்கும்.

காலையில வீட்டுல வளர்மதி, எம் பொஞ்சாதி, அரக்குச் சேலை கட்டிட்டு நின்னா. ஒரே ஒரு வார்த்தை, "வர்றீங்களா?"ன்னா. கோட்டிங் இருக்குதுன்னேன். செருப்பை மாட்டிட்டுத் தனியாப் போயிட்டா. இப்ப அடிக்கற போனெல்லாம் அவதான். இல்ல, சிந்துஜாவோ என்னமோ.

நானும் போகத்தானுங்க இருந்தேன். சட்டை கூட வண்டியில தேச்சு வெச்சிருக்கறேன், வெள்ளைச் சட்டை. காலையில மொதல் கோட்டை முடிச்சுட்டு ஒன்பது மணிக்கெல்லாம் எறங்கிரலாம்னு கணக்குப் போட்டுத்தான் வந்தேன். இப்படி மாட்டிக்குவேன்னு யாரு கண்டா? சுத்தியும் ஈரமா இருக்கறப்ப ஒரு மனுசன் என்னதான் பண்ணுவான், சொல்லுங்க.

பதினொண்ணே கால் ஆயிருச்சுங்களா.

எங்க? எந்தக் காக்காய்? சூ! அட, நடக்கட்டும் விடுங்க. தடம் விழலையா? காக்காய்க்கு வெயிட்டு கம்மிங்க. காலையில வேற காக்காய், அது பெருசு.

தொடாதீங்க, தம்பி. தொடாதீங்கன்னு சொல்றேன்ல. ஒட்டலீன்னா? மேல அப்படித்தான் இருக்கும், அடியில பச்சையா இருக்கும். சித்திரை வெயில்ல சீக்கிரம் காயுங்கறதெல்லாம் எனக்குத் தெரியாதா? டப்பாவுல நாலு மணி நேரம்னு எழுதியிருக்கறவன் முட்டாளா? நான் இத்தனை வருசமாப் பாக்கறேன், நேத்து வந்து... தம்பி! காலை எடுங்க! தம்பி!

ஐயோ.

விழலீங்க. ஒரு தடம் கூட விழலையே.

இன்னொரு அடி வைங்க பாக்கலாம். நல்லா அழுத்தி வைங்க.

காஞ்சு போச்சுங்க. நல்லாக் காஞ்சு போச்சு. எப்பவோ காஞ்சிருச்சு போல.

சரி, வர்றேன். கையை விடுங்க, நானே எறங்குவேன். இருங்க, பக்கெட்டை எடுத்துக்கறேன். ரோலரையும் எடுத்துக்கறேன். எதுக்கா? பொருளை வெயில்ல விட்டுட்டுப் போக முடியாதுல்ல. நீங்க முன்னால நடங்க.

வண்டி வெச்சிருக்கீங்களா? நெம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு. மணி என்ன, பதினொண்ணரை. போயிரலாம். தாராளமாப் போயிரலாம். சட்டை மாத்த ரெண்டு நிமிசம். மூஞ்சி கழுவ ரெண்டு நிமிசம். போயி நின்னா அது என்ன பண்ணும் தெரியுங்களா? பேனாவை எடுத்து நீட்டும். அவ்வளவுதான். அவன் வந்து காலைத் தொட்டுக் கும்பிடுவான். நல்ல பையந்தானுங்க அவன். மழையில சட்டையைக் கழட்டி ஓட்டைக்குப் புடிச்சவன் பொண்டாட்டியை நனைய விடுவானா? எனக்குத் தெரியுமுங்க, மொத நாளே தெரியும்.

இந்தக் கதவுதான். பாத்து எறங்குங்க, மொதல் படி உசரம் அதிகம்.

தம்பி.

பயமா இருக்குதுங்க. சொல்லிட்டேன். பயமா இருக்குது. அந்தப் பேப்பர்ல நாச்சிமுத்துன்னு போட்டுட்டா அப்பறம் அதை அழிக்க முடியாதுங்க. எங்கண்ணன் ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. இனி போன் பண்ண மாட்டாரு. அவ்வளவுதான் நடக்கும், எனக்குத் தெரியும். அவ்வளவுதானா, அதுக்கா பயப்படறீங்கன்னு நீங்க கேக்கலாம். அதுக்குத்தானுங்க.

நீங்க போங்க. இல்லீங்க, நான் வரலீங்க. மொதல் கோட்டு காஞ்ச உடனே ரெண்டாவது கோட்டு போட்டுரோணும், தூசி படிஞ்சா ஒட்டாது. தொழில்னா தொழிலுங்க. பக்கெட்டு இங்கயே இருக்குது, இங்கிருந்தே ஆரம்பிச்சுக்கறேன். தெரியுதுங்க, தூரத்து மூலையில இருந்துதான் வரோணும். எனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. உங்க வீட்டு விசயமா நெனச்சுப் பண்ணுங்க. போற வழியில அந்த வேப்பமரத்தடியில வண்டியை நிறுத்துங்க. அங்க அரக்குச் சேலை கட்டுன அம்மாகூட ஒரு புள்ளை நிக்கும், வாசலையே பாத்துட்டு நிக்கும். அதுகிட்டச் சொல்லுங்க. உங்கப்பா மாடி நடுவுல மாட்டிக்கிட்டாரு, சுத்தியும் ஈரம், எறங்க முடியலீன்னு சொல்லுங்க. கோட்டிங்னு சொன்னாப் போதும், அதுக்குப் புரியும்.

உங்களைப் பொய் சொல்லச் சொல்லலீங்க. நீங்க அங்க போயிச் சேர்றதுக்குள்ள நான் ஈரம் பண்ணிருவேன்.

அந்தக் கதவை மட்டும் சாத்திட்டுப் போங்க தம்பி.